வகுப்பாசிரியர் நேரில் கண்டது

டோம்பிவிலி,
6 ஜூலை 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

பாகீரதி நமஸ்காரம். இங்கே நானும் இவரும் சௌக்கியம். மழைதான் ஓய்வில்லாமல் கொட்டுகிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மன்னிக்குச் சர்க்கரை குறைந்ததா, இல்லை சாய்நாத் ஆபீஸிலிருந்து கொண்டுவருகிற ஸ்வீட்டையெல்லாம் அவளே தீர்க்கிறாளா?

போனில் பேசினால் உனக்குக் காது கேட்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் "இதெல்லாம் ஒரு ரெக்கார்டா" என்கிறாய். கோயம்புத்தூரில் மகன் சாய்நாத் வீட்டில் உட்கார்ந்துகொண்டு மாதுங்கா டிரஸ்டுக்குக் கௌரவச் செயலாளராக இருக்கிறவனுக்குக் கடிதம்தான் எழுத வேண்டும் என்றால், சரி, எழுதித் தொலைக்கிறேன்.

இன்று எங்கள் பள்ளியில் ஓபன் டே. பெற்றோர் வந்து பரீட்சைத் தாளைப் பார்த்து, என்னிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். என் ஒன்பதாம் வகுப்பில் நாற்பத்தாறு பிள்ளைகள். பதினேழு வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. பதினேழும் தாராவி, ஆண்டாப் ஹில் பிள்ளைகள். பதினேழும் உன் டிரஸ்டின் கட்டண உதவியில் படிக்கிறவர்கள். "ஓசியில் கிடைத்தால் படிப்பின் அருமை தெரியாது" என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அதிலும் அஃப்ஷா என்று ஒரு பெண். கணக்கில் வகுப்பிலேயே முதல். ஆனால் காலையில் முதல் இரண்டு பீரியட் மேஜையில் தலை வைத்துத் தூங்குகிறாள். அப்பா ஜஹாங்கீர் தோல் பை தைக்கிற கார்கானாவில் வேலை செய்கிறாராம். இரண்டு வருஷத்தில் ஆறு ஓபன் டே வைத்தாயிற்று. மனுஷர் எட்டிப் பார்த்ததில்லை.

இந்த வருஷம் உதவி புதுப்பிக்கிற ஃபாரத்தில் புதிதாக ஒரு பத்தி முளைத்திருக்கிறது: "வகுப்பாசிரியர் நேரில் கண்டது". பதினேழு வீட்டுக்கும் போய்ப் பார்த்து எழுத வேண்டுமாம். இது யார் யோசனை? உன்னுடையதாக இருந்தால் அடுத்த முறை பம்பாய் வரும்போது இந்த மழையில் என்னோடு சந்து சந்தாக, கல்லி கல்லியாக நடந்து பார். அஃப்ஷா வீட்டிலிருந்து ஆரம்பிக்கப் போகிறேன்.

மன்னிக்கு நமஸ்காரம்.

பாகீரதி


கோயம்புத்தூர்,
17 ஜூலை 2024

சௌபாக்கியவதி பாகீரதிக்கு அண்ணாவின் ஆசீர்வாதம்.

இங்கே எல்லோரும் க்ஷேமம். என் முழங்கால் அதன் இஷ்டப்படி இருக்கிறது. மன்னியின் சர்க்கரையைப் பற்றி நீ கேட்டதை அவளிடம் படித்துக் காட்டினேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்தப் பத்தி என் யோசனைதான். மனு நூற்றுக்கு மேல் வருகிறது, பாதிப் பேருக்குத்தான் கொடுக்க முடியும். நான் முப்பத்தெட்டு வருஷம் ஆடிட்டில் இருந்தவன். ஏழை என்று எழுதிக் கொடுக்க எல்லோரிடமும் பேனா இருக்கிறது. அப்பன் கையில் பெரிய போன் இருக்கும், வீட்டில் கல்யாணம் என்றால் ஐந்நூறு இலை விழும். பள்ளிக் கட்டணம் என்று வரும்போது மட்டும் மூக்கைச் சிந்துவார்கள். வேஷம் போடுகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

நீ இளகின மனசுக்காரி. வீட்டில் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்து எழுது. என்ன சொல்கிறார்கள் என்பதைக் காதில் போட்டுக்கொள்ளாதே.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். மழையில் ரயில் பிடிக்க ஓடாதே, உனக்கும் ஐம்பத்தேழு ஆகிறது.

வெங்கடராமன்


டோம்பிவிலி,
3 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு நமஸ்காரம்.

இங்கே சௌக்கியம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். இது டிரஸ்டுக்கு எழுதுகிற கடிதம் இல்லை, உனக்கு. நேற்று அஃப்ஷா வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இவரிடம் சொன்னால் பேப்பருக்குப் பின்னாலிருந்து "ம்" என்கிறார்.

வெள்ளிக்கிழமை வரச்சொல்லி அஃப்ஷாவின் அம்மா ஆபிதா ஒரு வாரம் முன்பே சொல்லி அனுப்பியிருந்தாள். பள்ளி விட்டதும் போனேன். பெரிய ரோட்டிலேயே அஃப்ஷா குடையோடு நின்றாள். கல்லிக்குள் நாலு திருப்பம். எங்களுக்கு முன்னால் ஒரு பட்டாளம் "டீச்சர் வந்துட்டாக" என்று கத்திக்கொண்டே ஓடியது. எனக்கே நான் யாரோ மந்திரி என்று தோன்றிவிட்டது.

வீடு நான் நினைத்ததுபோல் இல்லவே இல்லை. டைல்ஸ் போட்ட தரை. மெத்தை வைத்த இரண்டு நாற்காலி. சுவரில் பெரிய டி.வி., மூலையில் ஃபிரிட்ஜ். நம் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. இன்னொன்று கேள். சுவரில் திருச்செந்தூர் முருகன் காலண்டர் மாட்டியிருந்தது. முஸ்லிம் வீட்டில் முருகன். இவர்களுக்கு எவ்வளவு பரந்த மனசு என்று நெகிழ்ந்துபோனேன்.

ஆபிதா எனக்குத் தட்டு வைத்தாள். கடை ஸ்டிக்கர் அதில் இன்னும் உரிக்கப்படவில்லை. "புதுத் தட்டு டீச்சர், கறி படாதது. பலகாரமும் மாதுங்கா ஓட்டல்ல வாங்குனது. மனசு சங்கடப்படாம சாப்புடுங்க" என்றாள். நான் கேட்கவே இல்லை, அண்ணா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க இரண்டாம் தடவை கேசரி வாங்கிச் சாப்பிட்டேன்.

ஏன் ஓபன் டேக்கு வருவதில்லை என்று ஜஹாங்கீரிடம் கேட்டேன். கொஞ்சம் அதட்டலாகவே கேட்டேன். அவர் நின்றுகொண்டே பதில் சொன்னார்: "சனிக்கிழம தச்ச மால் லாரில போற நாளு டீச்சர். அன்னைக்கு லீவு போட்டா அடுத்த வாரம் என் மிஷின்ல வேற ஆளு உக்காந்துருப்பான். எங்களுக்கு வெள்ளிக்கிழமதான் சுட்டி. ஓபன் டேய வெள்ளிக்கிழம வச்சிங்கன்னா காலைலயே வந்து கேட்டுல நின்னுருவேன்." முப்பத்தோரு வருஷமாகச் சனிக்கிழமை ஓபன் டே நடத்துகிறேன். ஒரு நாளாவது இது எனக்குத் தோன்றியிருக்கிறதா?

அந்தப் பெண் ஏன் தூங்குகிறாள் தெரியுமா? அங்கே விடியற்காலை நாலு மணிக்குத்தான் தண்ணீர் வருகிறது. குடத்தோடு வரிசையில் நிற்பது அவள் முறை.

ஒன்றாம் வகுப்பிலிருந்து அவளுடைய எல்லா ரிப்போர்ட் கார்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார் ஜஹாங்கீர். இங்கிலீஷ் படிக்க வராது. கடைசிக் கார்டில் நான் எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார். "பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதியிருந்தேன். "இன்னும் நன்றாகப் படிக்கலாம்" என்று மாற்றிப் படித்தேன். அவர் தலையாட்டிக்கொண்டு கேட்டதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

இனி அக்கறை இல்லாத பெற்றோர் என்று ஸ்டாஃப் ரூமில் யாராவது ஆரம்பித்தால் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். ஒரு நிம்மதியும் கூட. நான் பயந்த அளவுக்குக் கஷ்டமில்லை, கொஞ்சம் வசதியாகவே இருக்கிறார்கள்.

மன்னியிடம் கேசரி விஷயத்தைச் சொல்லு.

பாகீரதி


கோயம்புத்தூர்,
12 ஆகஸ்ட் 2024

பாகீரதிக்கு ஆசீர்வாதம்.

க்ஷேமம். உன் கடிதம் மிகவும் உபயோகமாக இருந்தது. இப்படித்தான் விவரமாக எழுத வேண்டும். மற்ற ஆசிரியைகள் "ஏழைக் குடும்பம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். குறிப்பு எடுத்துக்கொண்டேன்.

கேசரியில் பைனாப்பிள் போட்டிருந்தார்களா என்று மன்னி கேட்கச் சொன்னாள்.

வெங்கடராமன்


டோம்பிவிலி,
5 அக்டோபர் 2024

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

இங்கே எல்லோரும் இருக்கிறோம். சௌக்கியம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

டிரஸ்டின் பட்டியல் நேற்று வந்தது. அஃப்ஷாவின் பெயர் அடிக்கப்பட்டிருக்கிறது. காரணம் என்ன என்று பள்ளி ஆபீஸில் ஃபைலை வாங்கிப் பார்த்தேன். "வகுப்பாசிரியர் நேரில் கண்டது" என்பதற்குக் கீழே டைப் அடித்து ஒட்டியிருக்கிறது: "டைல்ஸ் தரை. டி.வி. ஃபிரிட்ஜ். மெத்தை நாற்காலி. வசதியாகவே இருக்கிறார்கள்." அடியில் என் பெயர்.

உனக்கு எழுதியது என்று முதல் வரியிலேயே சொன்னேனே. தங்கை அண்ணாவுக்கு மனசு விட்டு எழுதின கடிதத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி ஃபைலில் ஒட்டுகிறவனை என்ன சொல்வது? வெட்டியதைத்தான் வெட்டினாய், புதுத் தட்டை ஏன் விட்டாய்? சனிக்கிழமை மால் எங்கே? நாலு மணித் தண்ணீர் எங்கே? அவர்கள் சொன்னதெல்லாம் உன் காதில் விழவில்லை. சாமான் மட்டும் கண்ணில் பட்டது.

இன்று ஜஹாங்கீர் பள்ளிக்கு வந்தார். சனிக்கிழமை. மால் போகிற நாளை விட்டுவிட்டு வந்திருக்கிறார், மகளுக்கு டி.சி. வாங்கிக்கொண்டு போக. "மான்குர்துல எங்க அக்கா வீட்டுல இருக்கட்டும் டீச்சர். அங்க தையல் சொல்லிக் குடுக்காக" என்றார். ஒன்பதாம் வகுப்பில் நடுவருஷத்தில் வெளியேறினால் வேறு எந்தப் பள்ளி அவளைச் சேர்க்கும்? அவள் படிப்பு இதோடு முடிந்தது என்று அர்த்தம். கட்டணத்தை நான் கட்டுகிறேன் என்றேன். "அப்படிப் படிச்சா ஒங்க மொகத்தப் பாத்து அவ ஒரு சந்தேகம் கேக்க மாட்டா டீச்சர். வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். என் மேல் கோபமாகக்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு அடி அடித்திருந்தால் தேவலை.

டி.சி. ஃபாரத்தை என் டிராயரில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். ஜனவரி 15 வரை அவள் பெயர் ரிஜிஸ்டரில் இருக்கும், அதுவரை வகுப்புக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதற்கு மேல் ஆபீஸ் விடாது. நீ ஒட்டினதை நீதான் கிழிக்க வேண்டும்.

பாகீரதி


கோயம்புத்தூர்,
14 அக்டோபர் 2024

பாகீரதிக்கு ஆசீர்வாதம்.

க்ஷேமம். கோபத்தில் எழுதின கடிதத்துக்கு நிதானமாகப் பதில் எழுதுவது மூத்தவன் தலையெழுத்து.

நீ எழுதினதில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. ஃபிரிட்ஜ் இருந்ததா, இல்லையா? நீ பார்த்தாயா, இல்லையா? பார்த்ததை எழுதிவிட்டு இப்போது பார்க்காததாக இருக்கச் சொன்னால் எப்படி?

அவர்கள் நிலைமை வேறு என்றால் அதற்கும் வழி இருக்கிறது. மறுபரிசீலனைக்கு மனு போடட்டும். வருமானச் சான்றிதழோடு வீட்டின் உள்ளே எடுத்த போட்டோ நாலு வேண்டும். சுவர், சமையல் இடம், படுக்கும் இடம் எல்லாம் தெரிய வேண்டும். உதவி கேட்கிறவர்கள் உள்ளதைக் காட்டத் தயங்கக் கூடாது.

ரத்த அழுத்த மாத்திரையை மறக்காதே.

வெங்கடராமன்


டோம்பிவிலி,
27 அக்டோபர் 2024

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

மாத்திரை சாப்பிடுகிறேன். அது போதவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடியும் தாராவிக்குப் போனேன், இந்தத் தடவை சொல்லாமல். உன் நாலு போட்டோவை எடுத்துவிடலாம் என்றுதான் போனேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அதே கதவைத் தட்டினேன். அறிமுகமில்லாத ஒரு பெண் திறந்தாள். உள்ளே அதே டைல்ஸ், அதே ஃபிரிட்ஜ், அதே முருகன். "ஆபிதா வீடா? மேல" என்று வெளியே ஓர் இரும்பு ஏணியைக் காட்டினாள். அவள் பெயர் பானுமதி. புருஷன் ராஜபாண்டி. நான் அன்று உட்கார்ந்து கேசரி சாப்பிட்டது அவர்கள் வீட்டில்.

ஏணியில் ஏறினேன். என் டோம்பிவிலி பால்கனி அளவு ஒரே அறை, கோலி என்கிறார்கள். மேலே தகரம். நாலு பேர் அதில்தான் படுக்கிறார்கள், சமைக்கிறார்கள். நாற்காலி கிடையாது, ஃபிரிட்ஜ் கிடையாது. ஆபிதா தரையில் உட்கார்ந்து பைகளுக்கு ஜிப் ஒட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து அவள் பதறவில்லை. பதறினது நான்தான்.

"அது ராஜபாண்டி அண்ணன் வீடு டீச்சர். எங்க கல்லில யாரு வீட்டுக்கு விருந்தாளு வந்தாலும் அங்கதான் உக்கார வப்போம். பொண்ணு பாக்க வாறவுகளும் அங்கதான் உக்காருவாக. அது பொண்ணு வீடு இல்லன்னு மாப்ள வீட்டுக்காரவுகளுக்கே தெரியும். ஒங்களுக்கும் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றாள்.

அண்ணா, ஊருக்கே தெரிந்தது படித்த எனக்குத் தெரியவில்லை. முருகனைச் சுவரில் பார்த்தேன். முருகன் இருக்கிற வீடு முருகனைக் கும்பிடுகிறவர் வீடு என்று மூளைக்கு எட்டவில்லை, மத நல்லிணக்கம் என்று உருகிக்கொண்டு வந்தேன். ஆடிட்டில் முப்பத்தெட்டு வருஷம் இருந்த உனக்கும் எட்டவில்லை. நல்ல குடும்பம் நம்முடையது.

போட்டோ எடுக்கப் போனைக் கையில் எடுத்தேன். ஆபிதா ஜிப்பைக் கீழே வைத்துவிட்டு, "அது வேண்டாம் டீச்சர்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. போனைப் பையில் போட்டுக்கொண்டேன். உனக்கு அவளே எழுதுகிறாளாம். விலாசம் கொடுத்திருக்கிறேன்.

நான் எழுதியது தவறு என்று இதன் மூலம் எழுத்தில் தருகிறேன். ரெக்கார்டில் ஒட்டிக்கொள்.

பாகீரதி


தாராவி,
8 நவம்பர் 2024

மரியாதைக்குரிய ஐயா அவர்களுக்கு,

அஃப்ஷாவின் தாயார் ஆபிதா எழுதுவது. உங்களுக்கும் வீட்டில் எல்லோருக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தைத் தரட்டும். உங்களுக்கு முழங்கால் வலி என்று டீச்சர் சொன்னார்கள். இங்கே நாங்கள் நலம். நான் மேலப்பாளையத்தில் எட்டாவது வரை படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். என் மகள் என்னைவிடப் படித்தவள், ஆனால் அவளுக்குத் தமிழ் எழுத வராது.

டீச்சர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர்கள் பார்த்ததை எழுதினார்கள். நாங்களும் பொய் சொல்லவில்லை. இது எங்கள் வீடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கேளுங்கள். டீச்சரை அந்த ஏணியில் ஏற்றி, தகரத்துக்குக் கீழே தரையில் உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை. உங்கள் வீட்டுக்கு ஒருத்தர் வந்தால் கிழிந்த பாயையா விரிப்பீர்கள்?

நாங்கள் ஏழை என்று மனுவில் எழுதித் தந்திருக்கிறோம். சான்றிதழும் தந்திருக்கிறோம். அதில் எனக்கு வெட்கம் இல்லை. போட்டோ தர மாட்டோம். போட்டோவில் வீடு மட்டும் வராது, என் மகளும் வருவாள். அது எத்தனை பேர் கைக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

வீட்டைப் பார்க்க வேண்டும் என்றால் நேரில் வாருங்கள். முதலில் ராஜபாண்டி அண்ணன் வீட்டில்தான் உங்களை உட்கார வைப்பேன். நீங்கள் டீ குடித்த பிறகு எங்கள் வீட்டைக் காட்டுகிறேன். ஏணி உங்கள் முழங்காலுக்கு ஆகாது. கீழே நின்று பார்த்தாலே போதும், அவ்வளவுதான் வீடு.

உங்கள் வீட்டு அம்மாவுக்கு என் சலாம்.

ஆபிதா


டோம்பிவிலி,
14 டிசம்பர் 2024

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

ஏழு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கடிதம் எழுதினால்தான் ரெக்கார்டு என்றாய். பதில் எழுதாமல் இருப்பது எந்த ரெக்கார்டு? தப்பு உன்னுடையது என்றால் நீ பேசமாட்டாய் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இப்படி வாரக்கணக்கில் வாயை மூடி நான் பார்த்ததில்லை. ஆபிதாவின் கடிதத்தை நீ ஃபைலில் வைக்கவில்லையாம், தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாயாம். மன்னி போனில் சொன்னாள். முழங்காலா, மனசா என்று கேட்டதற்கு அவளுக்கும் தெரியவில்லை.

போன மாதம் எங்களுக்குப் பயிற்சி என்று ஒரு நாளை வீணடித்தார்கள். வறுமையைப் புரிந்துகொள்வது எப்படி என்று ஒரு இளைஞர் வந்து படம் போட்டார். "ஏழை வீட்டில் என்ன இருக்கும், என்ன இருக்காது, எழுதுங்கள்" என்று ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார். எல்லோரும் குனிந்து எழுதினார்கள். புத்தகம் இருக்காது, சுத்தம் இருக்காது, லட்சியம் இருக்காது, போன் மட்டும் இருக்கும். என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்று, "நான் ஒரு வீட்டுக்குப் போய் இதே மாதிரி பட்டியல் எழுதினேன். அதனால் ஒரு பெண்ணின் படிப்பு போகப் போகிறது" என்றேன். "இந்தத் தாளைக் கிழித்துவிட்டு, ஓபன் டேக்கு வராதவர்களிடம் உங்களுக்கு எந்த நாள் சௌகரியம் என்று ஒரு தடவை கேளுங்கள். காலையில் தூங்குகிற பிள்ளையிடம் எத்தனை மணிக்கு எழுந்தாய் என்று கேளுங்கள்." அவர் "வெரி இன்டரெஸ்டிங் மேடம்" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மத்தியானம் சாப்பிடவே இல்லை.

ஆனால் பிரின்ஸிபால் கூப்பிட்டு, ஒரு தடவை வெள்ளிக்கிழமை வைத்துப் பாருங்கள் என்றார். நேற்று வைத்தோம். அந்தப் பதினேழில் பதினைந்து வீட்டிலிருந்து வந்தார்கள். ஜஹாங்கீர் ஏழரை மணிக்கே கேட்டில் நின்றார், இஸ்திரி போட்ட சட்டையில். மகளின் பெயர்மேல் ஆபீஸ்காரர் பென்சிலால் கோடு போட்டு வைத்திருப்பது அவருக்குத் தெரியும். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அல்ஜீப்ராவில் ஏன் இரண்டு மார்க் குறைந்தது என்று மட்டும் கேட்டார். தாளைத் திறந்து தப்பான வரியைக் காட்டினேன்.

ஜனவரி 15. அதற்கு முன் உன் பதில் வராவிட்டால் டிராயரை நான் திறந்துதான் ஆக வேண்டும்.

பாகீரதி


கோயம்புத்தூர்,
9 ஜனவரி 2025

பாகீரதிக்கு அண்ணாவின் ஆசீர்வாதம்.

உடம்புக்கு ஒன்றுமில்லை, கவலைப்படாதே. முதலில் நீ தேடுகிற செய்தி. அஃப்ஷாவின் உதவி பத்தாம் வகுப்பு முடியும்வரை தொடரும். உத்தரவு இன்று ஸ்பீட் போஸ்டில் பள்ளிக்குப் போகிறது. போட்டோவும் வேண்டாம், அந்தப் பத்தியும் இனி ஃபாரத்தில் இருக்காது. மாதக் கடைசியோடு செயலாளர் பொறுப்பையும் விடுகிறேன். உன் திட்டுக்குப் பயந்து இல்லை. உன் திட்டுக்கெல்லாம் விலகுவதென்றால் எப்போதோ விலகியிருப்பேன்.

நான் ஏன் பேசவில்லை என்று கேட்டாய். இதை உன்னிடம் நான் சொன்னதில்லை, மன்னியிடமும் சொன்னதில்லை. கமிட்டிக்குத்தான் முதலில் எழுதினேன். அது சுலபமாக இருந்தது.

1968. எனக்குப் பதினாலு வயது, ஒன்பதாம் வகுப்பு. நீ தொட்டிலில். இதே டிரஸ்டுக்கு அப்பா மனுப் போட்டிருந்தார். வீட்டைப் பார்க்க ஆள் வருகிறார் என்று தெரிந்ததும் அம்மா பித்தளைப் பாத்திரங்களையெல்லாம் கீழ்வீட்டில் கொடுத்து வைத்தாள். ரேடியோவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிப் பழம்புடவையால் மூடினாள். எனக்கு நல்ல சட்டை இரண்டு இருந்தது. தோளில் கிழிந்த மூன்றாவதைப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். நமக்குக் கஷ்டம் இருந்தது, அது பொய்யில்லை. ஆனால் பட்டினி இருந்ததில்லை. வந்தவர் அறையைச் சுற்றிப் பார்த்தார், என் தோளைப் பார்த்தார், எழுதிக்கொண்டு போனார். உதவி கிடைத்தது. அதில்தான் நான் படித்தேன், அந்தப் படிப்பில்தான் வேலை, அந்தச் சம்பளத்தில்தான் உன் பி.எட்.

அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அன்று முதல் யார் உதவி கேட்டு வந்தாலும், இவர்கள் கட்டிலுக்கு அடியில் என்ன இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றும். எல்லோரும் நம்மைப்போலத்தான் என்று நினைத்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, பாகீரதி.

ஆபிதாவுக்குத் தனியாகப் பதில் எழுத உட்கார்ந்து நாலு தாள் கிழித்தாயிற்று. ஐந்தாவதை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். நீ படிக்காமல் அவளிடம் கொடுத்துவிடு.

இன்னும் ஒன்று இருக்கிறது. இது கமிட்டிக்கு எழுதாதது. என் வகுப்பில் பூலோகம் என்று ஒருவன் படித்தான், தாராவியிலிருந்து வருவான். அந்த வருஷம் அவனும் மனுப் போட்டிருந்தான். அவன் வீட்டுக்கும் அதே ஆள்தான் போனார். வீட்டில் நல்ல நாற்காலி இருக்கிறது என்று எழுதி அவன் மனுவைத் தள்ளிவிட்டார்கள். மறுநாள் ரீசெஸில் அவன் என்னிடம் வந்து, "அது எங்க சேர் இல்லடா, எதிர்வீட்டுச் சேர். சார் உக்காரணும்னு அம்மா வாங்கிப் போட்டுது" என்றான். இல்லாததை யாராவது இருப்பதாகக் காட்டுவார்களா? நான் நம்பவில்லை. பொய் சொல்லாதே என்று எல்லோர் முன்னாலும் சிரித்தேன். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அவன் பள்ளிக்கு வரவில்லை.

உன் அண்ணா,
வெங்கடராமன்